கடலடிக் காட்சியும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அறிவிலும் வயதிலும் மூத்தவர்கள் நிறைந்திருக்கும் இச்சபையிலே, சர்வகலாசாலைப் படிப்பை இன்னும் முடித்துக்கொள்ளாத ஒருவனுக்குப் பேச இடமளித்தமைக்காக முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்ளுகின்றேன். இம்மேடையிற் சமயத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் சிறந்த உரைகள் பல நிகழ்ந்திருக்கின்றன. நான் எடுத்துக்கொண்ட விஷயமோ கடலுக்கடியில் எடுக்கப்படும் கலைப்படங்களைப் பற்றியும், அவை காட்டித்தரும் பிளாஸ்டிக் கழிவைப் பற்றியுமாகும். "இந்து வாலிபர் சங்கத்துக்கும் கமராவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு என்று காட்டுவதே என் நோக்கம்.

ஒரு பொருளை நாம் எவ்வாறு அறிகின்றோம் என்ற வினாவை நம் முன்னோர் இலேசாக விட்டுவிடவில்லை. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே, பொருளை அளந்தறியும் அளவைகளைப் பற்றிப் பேசுகின்றது. காட்சி, கருதல், உரை என்பன அவை. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று அறிவது கருதல். ஆன்றோர் வாக்கால் அறிவது உரை. காட்சி என்றவுடன் அதனை அப்படியே நம்பிவிடவும் சாத்திரம் இடங்கொடுக்கவில்லை. தூரத்தில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று மயங்குவது ஐயக்காட்சி. கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிவுக்காட்சி. ஐயமும் திரிவும் நீங்கிய காட்சியே அளவையாகும்.

இப்பொழுது கடலைப் பாருங்கள். மாலை வேளையிற் பருத்தித்துறைக் கரையிலே நின்று பார்ப்பவனுக்குக் கடல் நீலமாய், தூயதாய், எல்லையற்றதாய்த் தோன்றுகின்றது. அதனுள் எதனைப் போட்டாலும் அது மறைந்துவிடுகின்றது. மறைந்த பொருள் இல்லாமற் போயிற்று என்று நம் மனம் துணிந்துவிடுகின்றது. கயிற்றைப் பாம்பென்று எண்ணியவனாவது அஞ்சி விலகுவான். நாமோ பாம்பைக் கயிறென்று எண்ணி அச்சமின்றி இருக்கின்றோம். இந்தத் திரிவை நீக்குவதற்கு நம் காலத்திற் கிடைத்திருக்கும் கருவிகளுள் நீரடிப் படமும் ஒன்று. நான் சொல்ல வந்தது இதுவே.

நான் கிறிஸ்தவ மிஷன் கல்லூரியொன்றிலே கற்றவன். அங்கே விவிலிய பாடத்திற் கேட்ட தோமையரின் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். தம் குருவின் காயத்தைத் தாமே கண்டு தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்று சொன்ன சீடர் அவர். அவரைக் குறை கூறுவோர் பலர். எனக்கோ, மனித இயல்பையே அவர் வாய்விட்டுச் சொன்னார் என்று தோன்றும். காயத்தைக் காணும்வரை, காயம் உண்டென்ற செய்தி நம்மைச் சுடுவதில்லை. கடலின் காயமோ நீருக்கடியில் இருக்கின்றது. எல்லாரும் முக்குளித்துப் போய்ப் பார்க்க இயலாது. போனவர் ஒருவர் படமெடுத்து வந்து காட்டினால், போகாத ஆயிரம் பேருக்கு அது காட்சியாகின்றது.

இதற்கு உதாரணந் தேடி வெளிநாடு செல்லவேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் திருக்கோணேசுவர ஆலயத்தை இடித்தனர். அதன் கற்களுட் சில கோட்டைச் சுவராயின. சில, கோயில் நின்ற குன்றின் அடிவாரத்துக் கடலில் வீழ்ந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கற்கள் அங்கே கிடந்தன. நம்மவர்க்கு அது பாட்டன் சொல்லப் பேரன் கேட்ட கதையாக, அதாவது உரையளவில் மட்டுமே இருந்தது. 1956ஆம் ஆண்டிலே, இலங்கையிற் குடியேறிய ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் அக்குன்றின் அடியில் முக்குளித்தனர். பாறைகளுக்கிடையே மனிதன் கைபட்டுச் செதுக்கிய தூண்களைக் கண்டனர். வில்சன் எடுத்த நீரடிப் படங்களோடு கிளார்க் எழுதிய 'த றீவ்ஸ் ஒவ் ரப்ரபேன்' என்னும் நூல் 1957இல் வெளிவந்தது. கேள்வியில் இருந்த ஆலயம் காட்சிக்கு வந்தது. அந்த மைக் வில்சனே 1962இல் 'ரன் முத்து தூவ' என்னும் முதலாவது சிங்கள வர்ணப் படத்தை இயக்கியவர். பிற்காலத்திலே துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்ற நாமம் பெற்றவரும் அவரே. ஆகவே, நீரடிக் கமரா நம் சமயத்துக்கு அந்நியமான பொருளென்று ஒருவரும் சொல்லமுடியாது.

அன்று அது கடலடியிலே நம் பெருமையைக் காட்டிற்று. இன்று அதே கமரா உலகெங்கும் நம் சிறுமையைக் காட்டிக்கொண்டிருக்கின்றது.

இக்கலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுதல் நலம். பிரான்சு தேசத்து உயிரியலாளர் லூயி பூத்தான் 1893இல் நீருக்கடியிற் படமெடுத்து இத்துறைக்கு வழிதிறந்தார். கரையில் இல்லாத இடர்கள் பல அங்கே உண்டு. சூரிய ஒளியின் நிறங்களை நீர் ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். முதலில் மறைவது சிவப்பு. பத்து மீற்றர் ஆழத்துக்குள்ளேயே அது பெரும்பாலும் போய்விடும். அங்கே விரலில் வெட்டுப்பட்டால் வழியும் இரத்தமும் செந்நிறமாகத் தோன்றாது. பின்பு செம்மஞ்சளும் மஞ்சளும் மங்க, நீலமே எஞ்சும். ஆதலாற் படமெடுப்பவர் தம்மோடு விளக்கையும் கொண்டுபோகின்றார். அவ்விளக்கின் ஒளி பட்டவுடன், சாம்பல் நிறமாய்க் கிடந்த பவளப்பாறை செம்மையும் பொன்மையுமாய்த் தன் உண்மை நிறத்தைக் காட்டுகின்றது. அதே ஒளியில் நீரில் மிதக்கும் துகள்களும் வெண்புள்ளிகளாய் மின்னிப் படத்தைக் கெடுப்பதுண்டு. அவற்றைத் தவிர்ப்பதற்காகக் கலைஞர் பொருளை மிக அண்மித்துச் செல்லுகின்றார். அவ்வண்மையே நீரடிப் படத்தின் பலம். தூரத்தில் நின்று எடுத்த படத்தில் ஒரு மீன் வெறும் மீன். ஒரு முழத் தூரத்தில் எடுத்த படத்தில் அது நம்மை நோக்கும் ஓர் உயிர்.

பிளாஸ்டிக்கைப் பற்றிய படங்கள் இரு வகையின. ஒன்று, கண்டதைக் கண்டபடி காட்டுவது. மற்றொன்று, கலைஞர் தாமே அமைத்துக் காட்டுவது.

முதல் வகைக்கு ஒரு படத்தைச் சொல்லுகின்றேன். ஜஸ்ரின் ஹொவ்மன் என்னும் அமெரிக்கர் இந்தோனேசியாவின் சும்பாவா தீவருகே ஒரு சிறு கடற்குதிரையைக் கண்டார். கடற்குதிரை நீந்துவதில் வல்லதன்று. நீரோட்டத்தில் அடிபட்டுப் போகாதிருக்க, வாலாலே ஏதேனுமொன்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இறைவன் அதற்கு அமைத்த பற்றுக்கோடு, சாதாளை என்று நம் கரையோரத்தார் சொல்லும் கடற்புல் போன்றவை. அன்றும் அது முதலில் ஒரு புல்லையே பற்றியிருந்தது. நீரோட்டம் மாறிக் குப்பை வந்து சேர்ந்தது. ஈற்றில் அச்சிறு பிராணி, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றின் இளஞ்சிவப்புத் தண்டைத் தன் வாலாலே இறுகப் பற்றிக்கொண்டு நீரில் மிதந்தது. அப்படம் 2017இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையின் வனவுயிர்ப் படப் போட்டியிலே இறுதிச் சுற்றுக்குத் தெரிவுசெய்யப்பட்டது. உலகெங்கும் மக்கள் அதனைப் பார்த்தனர். இப்படியொரு படம் இல்லாதிருந்தால் நன்றாயிருக்குமே என்று எடுத்தவரே வருந்தினார்.

இப்படத்திலே இரத்தமில்லை, பிணமில்லை. ஆயினும் பார்ப்பவர் திடுக்கிடுகின்றனர். ஏன்? அந்தக் குச்சி நம் வீட்டுக் குச்சி. காலையிற் காதைத் துடைத்துவிட்டு நாம் எறிந்தது. 8 மில்லியன் தொன் என்ற தொகை எவர் வீட்டிலும் இல்லை. பஞ்சுக்குச்சி எல்லார் வீட்டிலும் இருக்கின்றது. தொகை அறிவிக்கின்றது. படம் உறவு காட்டுகின்றது.

கரையில் எடுத்தவையாயினும் இதே இனத்தைச் சேர்ந்த படங்கள் வேறும் உண்டு. பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, எக்கண்டத்துக்கும் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மிட்வே தீவிலே, அல்பற்றோஸ் என்னும் பெருங்கடற்பறவையின் குஞ்சுகள் இறந்து கிடந்தன. அவற்றின் உடல்கள் அழிந்த இடத்திலே, வயிற்றில் இருந்த போத்தல் மூடிகளும் தீமூட்டிகளும் அழியாமற் கிடந்தன. தாய்ப்பறவை உணவென்று எண்ணி ஊட்டியவை அவை. கிறிஸ் ஜோர்டன் என்பவர் 2009 முதலாக அவற்றைப் படமெடுத்தார். ஒரு துண்டைத்தானும் தாம் இடம் மாற்றவில்லை என்று அவர் உறுதி கூறினார். இன்னொன்று: 1998இல், உலகத்தின் மிக ஆழமான மரியானா அகழியிலே, 10,898 மீற்றர் ஆழத்தில் ஒரு கமரா பதிந்த காட்சியில் பிளாஸ்டிக் பையொன்று கிடந்ததென யப்பானிய ஆராய்ச்சியாளர் 2018இல் வெளியிட்டனர். மனிதர் ஒரு சிலரே சென்று மீண்ட இடத்திற்கு நம் பை முன்னரே போய்விட்டது.

இரண்டாம் வகைக்கு வருவோம். மாண்டி பார்க்கர் என்னும் ஆங்கிலப் பெண்மணி உலகின் பல கரைகளிலே ஒதுங்கிய பிளாஸ்டிக்கைச் சேர்த்து, கறுப்புப் பின்னணியிலே ஆழ்கடலில் மிதப்பன போல அமைத்துப் படமாக்குகின்றார். 2014ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டியையொட்டி, கடலில் ஒதுங்கிய பந்துகளை அனுப்பும்படி பொதுமக்களை வேண்டினார். நான்கு மாதத்தில் 769 கால்பந்துகள் வந்து சேர்ந்தன. அப்படங்களைத் தூரத்தே நின்று பார்ப்பவனுக்கு நட்சத்திரக் கூட்டம் போல இருக்கும். கிட்டப் போனால் அது குப்பை. ஒஸ்திரிய நாட்டவரான அந்திரெயாஸ் பிராங்கே இன்னொரு வழியை எடுத்தார். புளோரிடாவிலுள்ள கீ வெஸ்ற் நகருக்கு அப்பால், செயற்கைப் பாறையாக 2009இல் மூழ்கடிக்கப்பட்ட 'வன்டன்பேர்க்' என்ற கப்பலிலே, 2011இல் நீருக்கடியிலேயே ஒரு படக் கண்காட்சி வைத்தார். கண்காட்சியைக் காண விரும்பியவர் முக்குளித்துச் செல்லவேண்டியதாயிற்று. நாட்செல்லக் கடற்பாசி படங்களின் மேற் படர்ந்து தானும் ஓவியந் தீட்டிற்று. பின்னர் பிளாஸ்டிக் கழிவையே பொருளாகக் கொண்டும் அவர் ஒரு படத்தொடரை அமைத்தார். கனடாவைச் சேர்ந்த பெஞ்சமின் வொன் வொங் 2016இல் 10,000 பிளாஸ்டிக் போத்தல்களைத் தரையிலே பரப்பி, அவற்றை அலைகளாக்கி, அவற்றின் நடுவே கடற்கன்னி வேடந் தரித்த ஒருத்தியைக் கிடத்திப் படமெடுத்தார்.

இத்தகைய படங்களைப் பற்றி நியாயமான ஆட்சேபங்கள் உண்டு. பெரியோர்கள் கேட்கக்கூடியவற்றை நானே எடுத்துச் சொல்லி, எனக்குத் தெரிந்த விடையைக் கூறுகின்றேன்.

முதலாவது: அழுக்கை அழகாகக் காட்டுவது தகுமா? நம் தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றுள் மருட்கை ஒன்று, இளிவரல் ஒன்று. வியப்பு மருட்கை. அருவருப்பும் இழிவுணர்ச்சியும் இளிவரல். குப்பையைக் குப்பையாகவே காட்டினால் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாற் போய்விடுகின்றோம். இக்கலைஞர்கள் மருட்கையால் நம்மை நிறுத்திவைத்துப் பின்பு இளிவரலுக்கு அழைத்துச் செல்லுகின்றனர். அந்த இழிவு பிறர்மேல் எழுவதன்று. நம்மேலேயே எழுவது. நோயாளி கசப்பு மருந்தை உண்ணுதற்பொருட்டுத் தேனிற் குழைத்துக் கொடுப்பதைப் பொய்யென்று யாரும் சொல்லுவதில்லை. ஆனால், தேன் மாத்திரம் நாவில் நின்று மருந்து உள்ளே போகாவிட்டால் வைத்தியம் பழுது. பார்த்தவர் "எவ்வளவு அழகு!" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டால் அப்படம் தோற்றுவிட்டது.

இரண்டாவது: அமைத்து எடுத்த படம் உண்மையாகுமா? இவ்விடத்திலே நான் கண்டிப்பானவன். அமைத்த படத்தை அமைத்ததென்று சொல்லிக் காட்டினால் அது கலை. சொல்லாமற் காட்டினால் அது திரிவுக்காட்சி. இன்று கணிப்பொறி தானே படங்களைச் சிருஷ்டிக்கின்றது. இறவாத ஆமையை இறந்ததாகவும், இல்லாத குப்பையை இருப்பதாகவும் நொடியிற் காட்டலாம். ஒரு பொய்ப்படம் வெளிப்பட்டால், நூறு மெய்ப்படங்களையும் மக்கள் சந்தேகிப்பர். ஆகவே ஒவ்வொரு படத்தின் கீழும் எங்கே, எப்பொழுது, எவ்வாறு எடுத்ததென்று எழுதுதல் வேண்டும். இதிற் சலுகை கிடையாது.

மூன்றாவது: பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போகாதா? போகும். முதல் நாள் கண்ணீர், இரண்டாம் நாள் பெருமூச்சு, மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஆதலால், படத்தின் பக்கத்திலே செய்யக்கூடிய கருமம் ஒன்றும் நிற்றல் வேண்டும். கடற்குதிரைப் படத்தையே பாருங்கள். பிளாஸ்டிக் தண்டுடைய பஞ்சுக்குச்சியை நம் நாடு 2021இல் தடைசெய்தது. அவ்வொரு படமே சட்டத்தை ஆக்கிற்று என்று நான் சொல்லவரவில்லை. சட்டம் வந்தபொழுது, "இந்தச் சிறு குச்சியிலா பெருங்குற்றம்?" என்று கேட்டவனுக்கு விடையாக அப்படம் இருந்தது.

காட்சிக்குத் துணையாகக் கருதலும் உரையும் வேண்டும். கலைஞர் காட்டுவது ஒரு துளி. விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொல்லுவதே சமுத்திரம். 2010ஆம் ஆண்டிலே மாத்திரம் நிலத்திலிருந்து 4.8 முதல் 12.7 மில்லியன் தொன் வரையான பிளாஸ்டிக் கடலிற் சேர்ந்திருக்குமென 2015இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. நான் முன்பு சொன்ன 8 மில்லியன் தொன் அக்கணிப்பின் நடுத்தொகை. பிளாஸ்டிக், வாழையிலை போல மக்கி மண்ணாவதில்லை. வெயிலும் அலையும் பட்டு நொருங்கி நொருங்கிச் சிறுக்கின்றது. 5 மில்லிமீற்றரிலும் சிறியனவற்றை நுண்பிளாஸ்டிக் என்கின்றனர். அச்சொல்லைப் பிரபலப்படுத்தியது, இங்கிலாந்தின் பிளிமத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்ட் தொம்சனும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை. அத்துகளை மீன் உணவென்று விழுங்குகின்றது. ஆமையோ மிதக்கும் பொலித்தீன் பையைத் தான் விரும்பி உண்ணும் சொறிமீன் என்று எண்ணி விழுங்குகின்றது. பகுத்தறிவில்லாத ஆமைக்கு நேர்ந்த திரிவுக்காட்சி அது. அந்தப் பையைக் கடலில் விட்ட நமக்கு நேர்ந்த திரிவுக்காட்சியே அதற்கு மூலம்.

வலைகளின் கதையும் இத்தகையதே. முன்னாளிற் பருத்தியாலும் சணலாலும் முடைந்த வலை கடலில் அறுந்துபோனால் சில காலத்தில் இற்றுப்போகும். இன்றைய நைலோன் வலை இறுவதில்லை. உரியவன் கைவிட்ட பின்பும் அது பாறையிற் சிக்கிக்கொண்டு, பிடிப்பாரும் உண்பாரும் இன்றி மீன்களைப் பிடித்துக்கொண்டேயிருக்கும். பேய்வலை என்று அதற்குப் பெயர். இதனைச் சொல்லும்பொழுது நம் கடற்றொழிலாளரை நான் குறைகூறுவதாக எண்ணவேண்டாம். வலையை இழப்பது அவர்களுக்கும் பெருநட்டம். மலிவும் வலிமையும் உடையதொன்றைக் கொடுத்த காலம், அதை மீட்கும் வழியைக் கொடுக்கவில்லை.

நம் நாட்டுக்கு நேர்ந்த பெருந்துன்பத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 மே 20ஆந் திகதி, கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கப்பல் தீப்பற்றிற்று. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகளும் அவற்றுள் அடங்கும். யூன் 2ஆந் திகதி கப்பலின் பின்பகுதி கடலடியைத் தொட்டது. குறுமணிகள் மேற்குக் கரையெங்கும் வெண்பனி போலப் படிந்தன. பிளாஸ்டிக் குறுமணிகள் கடலிற் கொட்டுண்ட விபத்துக்களுள் இதுவே மிகப் பெரியதென ஐக்கிய நாடுகளின் நிபுணர் அறிவித்தனர். 2025 யூலையில் நம் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அந்நாட்களிற் பத்திரிகைகளில் நாம் கண்ட படங்களிற் பெரும்பாலானவை கரையிலும் ஆகாயத்திலும் எடுத்தவை. தென்மேற் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கலங்கிக் கிடக்கும். கடலுக்குள்ளே நிகழ்ந்ததை நாம் கண்ணாற் காணவில்லை. காணாததால் விரைவில் மறந்தும்விட்டோம். கரை துப்புரவாகியதும் துன்பம் தீர்ந்ததென்று எண்ணுபவர் இன்று பலர்.

இனி நம் வீட்டுக்கு வருகின்றேன். கப்பற்காரனைக் குறைகூறுவது எளிது. நம் கையைப் பார்ப்பதே கடினம்.

கடல் நமக்கு மீன் தரும் வயல் மாத்திரமன்று. அது தீர்த்தம். வல்லிபுரத்து ஆழ்வார் சமுத்திர தீர்த்தமாடும் நாளிலே எத்தனை ஆயிரம் மக்கள் அக்கரையிற் கூடுகின்றனர்! ஆடி அமாவாசையிலே கீரிமலையில் நாம் பிதிர்க்கடன் செய்து நீராடுகின்றோம். முல்லைத்தீவுக் கடலிலே எடுத்து வந்த நீரால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியில் விளக்கேற்றும் மரபை அறியாதார் இல்லை. எந்த நீரைத் தெய்வத்துக்கு விளக்காக ஏற்றுகின்றோமோ, எந்த நீரிலே நம் தந்தையர்க்கு எள்ளும் நீரும் இறைக்கின்றோமோ, அந்த நீருக்கே பையையும் போத்தலையும் கொடுக்கின்றோம். திருவிழா முடிந்த மறுநாட் காலையில் எக்கோயிலின் தீர்த்தக் கரைக்காவது போய்ப் பாருங்கள். அர்ச்சனைப் பொருள் கொண்டுவந்த பொலித்தீன் பை, தண்ணீர்ப்பந்தலிற் கொடுத்த பிளாஸ்டிக் கிண்ணம், சோடாப் போத்தல், கற்பூரம் சுற்றியிருந்த கடதாசி ஆகியன எல்லாம் அங்கே கிடக்கும். அன்றிரவு அலை வந்து அவற்றை எடுத்துக்கொள்ளும். நாமும் கரை துப்புரவாயிற்று என்று மகிழ்வோம்.

"சமுத்திரம் எல்லாவற்றையும் ஏற்கும், அதற்குத் தீட்டில்லை" என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அவர்கள் சொன்னது அவர்கள் காலத்துக்கு முற்றும் உண்மை. அவர்கள் கடலுக்குக் கொடுத்தவை பூவும் இலையும் எள்ளும் மண்சட்டியும். அவற்றைக் கடல் ஏற்றுத் தன்னுடன் கலந்துகொண்டது. நாம் கொடுப்பதை அது ஏற்கவில்லை. சுமக்கின்றது. ஏற்பதும் சுமப்பதும் ஒன்றல்ல. முன்னோர் வாக்கைக் காப்பதாயின் முன்னோர் கொடுத்ததையே நாமும் கொடுப்போம்.

நம் மூத்தோரிடம் இதற்கு வேண்டிய பொருளெல்லாம் இருந்தன. மூக்குப்பேணி இருந்தது. வாழையிலையும் தாமரையிலையும் இருந்தன. பனையோலைப் பெட்டியும் கடகமும் இருந்தன. தென்னோலைத் தோரணம் இருந்தது. 2023 ஒற்றோபர் முதல் நம் நாட்டிலே தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். உறிஞ்சுகுழாயோடும் கரண்டியோடும், பிளாஸ்டிக் பூமாலையும் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் அதில் இருக்கின்றன. பூமாலையையும் இடியப்பத் தட்டையும் பற்றி அரசாங்கம் நமக்குப் புத்தி சொல்லவேண்டி வந்ததே என்பது வெட்கத்துக்குரியதன்றோ? ஈர்க்காலும் பிரம்பாலும் பின்னிய தட்டிலே இடியப்பம் அவித்த சமூகம் நாம்.

சங்கத்துத் தோழர்களுக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கின்றேன்.

ஒன்று: வருகின்ற திருவிழாக் காலத்திலே சங்கத்தின் சார்பில் ஒரு படக் கண்காட்சி வைப்போம். அதற்கு விலையுயர்ந்த கமரா வேண்டியதில்லை. இன்று நம்மிடமுள்ள கைத்தொலைபேசியை நீர்புகா உறையிலிட்டால், முழங்காலளவு நீரிலேயே எத்தனையோ காணலாம். சாதாளைப் புல்லிற் சிக்கிய பை, மீன்குஞ்சு நுழைந்த போத்தல், நண்டு இழுத்துச் செல்லும் மூடி என்பன கரையோரத்திலேயே உண்டு. ஆழத்துக்குச் செல்லுதல் பயிற்சி பெற்றவர்க்கே உரியது. படத்துக்காக ஒருவரும் உயிரைப் பணயம் வைக்கலாகாது. படத்துக்காகக் குப்பையை இடம் மாற்றி வைத்தலும் உயிர்ப்பிராணியைத் துன்புறுத்தலும் ஆகா. இடமும் நாளும் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதப்படல் வேண்டும். எடுத்த பின்பு அக்குப்பையைக் கையோடு கரைக்குக் கொண்டுவருதல் வேண்டும். படமெடுத்துவிட்டுக் குப்பையை அங்கேயே விட்டு வருபவன், விபத்தைக் கண்டு படமெடுத்துவிட்டுப் போகின்றவனுக்கு ஒப்பானவன்.

இரண்டு: தீர்த்தத் திருவிழாவின் மறுநாட் காலை, அலைக்கு முன்னே நாம் அக்கரைக்குப் போவோம். சேர்த்த கழிவை வகைபிரித்து எண்ணுவோம். எத்தனை பை, எத்தனை கிண்ணம், எத்தனை போத்தல் என்று எழுதி, அக்கணக்கைப் படங்களோடு கோயிற் பரிபாலன சபையாரிடம் பணிவோடு சமர்ப்பிப்போம். ஆண்டுதோறும் இதனைச் செய்தால், குறைகின்றதா கூடுகின்றதா என்று நாமே அறிவோம். காட்சியோடு கருதலும் சேர்ந்துவிடும்.

மூன்று: சங்கம் நடத்தும் தண்ணீர்ப்பந்தலில் இனிமேற் பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம். பேணிகளைக் கழுவுவது சிரமமென்று சொல்லுவர். சிரமந்தான். தொண்டு என்பது சிரமத்துக்கு நாம் வைத்த வேறு பெயர். கழுவுவதற்கு இளைஞர் பத்துப் பேர் முன்வந்தாற் போதும். அப்பத்துப் பேரில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்கள் தலைமுறை கமராவைக் கொண்டு இன்றைய கடலைக் காட்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே கடல் எப்படியிருந்தது என்பது உங்கள் நினைவில் மாத்திரமே இருக்கின்றது. எவ்விடத்திற் பவளம் இருந்தது, எவ்விடத்தில் ஆமை கரையேறிற்று, எவ்வளவு ஆழம்வரை அடிமணல் தெளிவாய்த் தெரிந்தது என்பவற்றை எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் எழுதிவைப்போம். இளையோரின் காட்சியும் மூத்தோரின் உரையும் ஒன்றுசேர்ந்தால், எதனை இழந்தோம், எதனைக் காக்கவேண்டும் என்பது ஐயமின்றி விளங்கும்.

கோணேசர் ஆலயத்தின் தூண்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடலுக்குள்ளே காத்துக் கிடந்தன. ஒருவர் இறங்கிப் பார்த்ததால் அவை மறுபடியும் நம் கண்ணுக்கு வந்தன. நாம் இன்று கடலிற் போடும் பிளாஸ்டிக்கும் முந்நூறு ஆண்டுகளின் பின்பு எவராவது இறங்கிப் பார்க்கும்பொழுது அங்கே கிடக்கக்கூடும். அவர்கள் மேலே வந்து நம்மைப்பற்றி என்ன சொல்லுவார்கள் என்பதை இன்றே சிந்திப்போமாக.